அன்றைக்குக் காற்று இருந்ததா

பிப்ரவரி 9

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதுவது.

எல்லாம் நான் சொன்னபடியே நடக்கிறது. முதலில் அதை எழுதிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். இந்தக் கணவாய்க்கு ஒருநாள் காற்றை அறுவடை செய்ய ஆள் வருவான் என்று உன் அம்மா உயிரோடு இருந்தபோதே சொன்னேன். அப்போது உன் அப்பா, என் அருமை அத்தான், சிரித்தார். அவர் வாழ்க்கையில் சிரித்ததே நாலைந்து தடவைதான். அதில் ஒன்று என்னைப் பார்த்து. இப்போது யார் சிரிக்கிறார்கள்?

வந்துவிட்டான் அம்மா, வந்துவிட்டான். கணவாய் நெடுகக் காற்றாலை வரப்போகிறது. கம்பெனியில் நிலம் பார்க்கும் அதிகாரி ஒருவர் இருக்கிறார். மஞ்சள் தொப்பியைத் தலையிலிருந்து எடுக்கவே மாட்டார், அதனால் அவருக்கு மஞ்சத்தொப்பி என்றே பெயராகிவிட்டது. அவர் இறங்கியதும் நேராக என் பஞ்சர் கடைக்குத்தான் வந்தார். ஜீப் பஞ்சர் ஆனதால் வந்தார் என்று சிலர் சொல்வார்கள், பொறாமை. "இந்தக் காத்தைப் பத்தி யார்கிட்ட விசாரிக்கலாம்?" என்று கேட்டார். "சார், காத்தை டயருக்குள்ள அடைச்சு வித்தே குடும்பம் நடத்துறவன் நான். எனக்குத் தெரியாம இங்க ஒரு காத்து வீசிடுமா?" என்றேன். மனுஷன் அப்படியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாற்காலி உடைந்தது, அது வேறு கதை.

அவருக்கே நான்தான் விளக்கினேன். காற்றில் மின்சாரம் பொடிப்பொடியாகக் கலந்து கிடக்கிறது, அந்த இறக்கை சல்லடை மாதிரி அதைச் சலித்து எடுக்கிறது என்றேன். அவர் தன் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்தவர்களே அப்படித்தான், ஒப்புக்கொள்ள வாய் வராது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றது எனக்கு நல்லதாகப் போயிற்று.

இப்போது விஷயம். ஆறாம் நம்பர் காற்றாலை நிற்கவேண்டிய இடம் உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேடு. உன் அம்மா பெயரிலிருந்து உன் பெயருக்கு வந்த நிலம். வீட்டில் உன் அப்பா இருக்கிறார், வாசலில் சாலைத் துறையின் தடைக்கம்பத்தை ஏற்றி இறக்கிக்கொண்டு, மேலே பலத்த காற்றடித்தால் கூவும் அந்தப் பாறைக்குக் காது கொடுத்துக்கொண்டு. அவரை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. வீடு வீடாகவே இருக்கும். உன் கையெழுத்து மட்டும் போதும். "என் மருமகள் என் பேச்சைத் தட்டமாட்டா, கூடிய சீக்கிரம் வாங்கித் தர்றேன்" என்று பத்துப் பேர் எதிரில் சொல்லிவிட்டேன். காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் குறி போட்ட இடத்தில் போடு.

உன் வீட்டுக்காரர் நலமா? அவர் லாரிக்கு நான் போட்ட ஒட்டு இன்னும் தாங்குகிறதா? தாங்கும்.

உன் தாய்மாமன்


பிப்ரவரி 21

மாமா,

ஒட்டு மறுநாளே போய்விட்டது. உங்களிடம் சொல்ல மனசில்லாமல் இருந்தார்.

போன் வேண்டாம், எழுதுங்கள் என்று நான்தான் சொன்னேன். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "ம்" போடுவேன். தாளில் எனக்கும் ஒரு முறை வரும்.

கையெழுத்துப் போடவில்லை. காகிதம் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நான் வேலை பார்க்கிற கடைக்கு ஜன்னல் கிடையாது, வணிக வளாகத்தில் தரைக்குக் கீழே இருக்கிற தளம். நாள் முழுக்க யாரோ ஒருவருடைய காற்சட்டையைக் குட்டையாக்குகிறேன், யாரோ ஒருவருடைய இடுப்பைப் பிரித்துவிடுகிறேன். அங்கே காற்று என்றால் சுவரில் மாட்டின விசிறி. அதனால் காற்றைப் பற்றி எனக்கு யாரும் விளக்கவேண்டாம்.

நீங்கள் மறந்திருப்பீர்கள். மறந்த இடத்தில் எதையாவது ஒட்டுப்போட்டு விடுவீர்கள். அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். என் கல்யாணத்தன்று நானும் நீங்களும் அத்தையும் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில், பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டு வண்டி இந்தப் பக்கத்திலிருந்து கணவாய் ஏறி வரவேண்டும். அப்பா காலை வேலையை முடித்துக்கொண்டு அதே வண்டியில் வருவதாக ஏற்பாடு. வண்டி தடைக்கம்பத்துக்கு வந்தது. அப்பா கம்பத்தை இறக்கிவிட்டார். பாறை கூவுகிறது, மேலே போனால் வண்டி சாயும் என்றார். பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த அலுவலக ஜன்னலில் ஒரு மரம் தெரிந்தது. ஒரு இலை அசையவில்லை மாமா. நான் நாள் முழுக்க அந்த இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கம்பத்துல நின்னு என்கூடச் சண்டை போடாத டிரைவர் எவனாவது இருந்தா அவனைக் கட்டிக்கோ" என்று நக்கலாகச் சொன்னவர் அவர். லாரிக்காரனுக்குப் பெண் கொடுக்கப் பிடிக்காமல் கம்பத்தை இறக்கினார். நான் போய், "காத்தே இல்லையேப்பா" என்றேன். "பாறை கூவிச்சு" என்றார். இரண்டு நாள் கழித்து அவர் இல்லாமல் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் தலைக்குப் பின்னால் ஒரு இயந்திரத்தை நிறுத்த என்னால் முடியாது. அவர் வாயால் சரி என்று சொல்லட்டும். நீங்கள் போய்க் கேளுங்கள். கம்பெனிக்காரர் வேண்டாம், நீங்கள் மட்டும். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுங்கள்.


மார்ச் 6

அன்பு மருமகளே,

உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய்.

போனேன். என் ஸ்கூட்டர் அந்த ஏற்றத்தில் ஏறாது என்று ஊரே சொன்னது, குதிரை மாதிரி ஏறியது. மேலே அப்படி ஒரு காற்று. ஒரு வளைவில் என்னையும் ஸ்கூட்டரையும் தூக்கி எதிர்ப்பக்கத்தில் வைத்தது, ஆனால் நான் ஹேண்டிலை விடவில்லை. அத்தான் வாசலில்தான் நின்றார். என்னைப் பார்த்ததும், "வா மச்சான்!" என்று ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆமாம், கட்டிப்பிடித்தார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

டீ போட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை, உனக்குத்தான் என்னைத் தெரியுமே. "அத்தான், ஆறாம் நம்பர் உங்க மேட்டுல நிக்கணுமாம். பிள்ளை உங்க வார்த்தைக்காகக் காத்துக்கிட்டிருக்கா" என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பாறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பாறையைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர், மருமகளே. உன் அம்மா போனபோதுகூட நான் பார்க்காத தண்ணீர்.

"மச்சான், அன்னைக்குக் காத்து இல்லை" என்றார்.

"என்னைக்கு அத்தான்?" என்றேன், தெரியாத மாதிரி.

"அவ கல்யாணத்தன்னைக்கு. பாறை கூவவே இல்லை. நான்தான் பொய் சொன்னேன்."

"ஏன் அத்தான்?"

"அனுப்ப மனசு வரலை."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிலம் அவளோடது, போடச் சொல்லு. அவ பேர்ல ஒரு விளக்கு எங்கேயாவது எரியட்டும்" என்றார். நான் அழவில்லை. கண்ணில் தூசி, அந்தக் காற்றுக்கு யார் கண்ணிலும் தூசி விழும்.

இதற்கு மேல் நான் என்ன எழுத? நான் இல்லாவிட்டால் இந்தக் குடும்பத்தில் யாரும் யாரோடும் பேசியிருக்கமாட்டீர்கள். நானாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் வேறு யார் சொல்வார்கள்?

பென்சில் குறி போட்ட இடம், மறக்காதே.

உன் மாமா


மார்ச் 17

மாமா,

முதலில் நான் நம்பவில்லை. கட்டிப்பிடித்தார் என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கடையில் காத்திருந்த அம்மா ஒருத்தர் தன் இடுப்பளவைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று கோபித்துக்கொண்டார். விளக்கு எரியட்டும் என்பது உங்கள் சரக்கு, அதுவும் தெரிகிறது.

ஆனால் "அனுப்ப மனசு வரலை." அதை நீங்கள் கட்டியிருக்க முடியாது. உங்களுக்கு அவ்வளவு சின்னதாகப் பேச வராது. அது அப்பாதான்.

எத்தனை வருஷமாக நான் அதை வெறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லாரிக்காரன் என்ற இளக்காரம் என்று. அனுப்ப மனசு வராமல் ஒருவர் பொய் சொன்னால், அதை மன்னிக்காமல் நான் என்ன பெரிய ஆள்?

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். கூடவே ஒட்டிய உறை ஒன்று இருக்கும், அது அப்பாவுக்கு. பிரிக்காதீர்கள். என்ன எழுதியிருக்கிறேன் என்று உங்களுக்கு இருப்புக்கொள்ளாது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். மாமா எல்லாம் எழுதினார், அன்றைக்குப் பொய் சொன்னதற்கு உங்களை மன்னித்துவிட்டேன், கூப்பிட்டால் வருகிறேன். அவ்வளவுதான். அவர் கையில் நேராகக் கொடுங்கள். மஞ்சத்தொப்பியிடம் கொடுத்தனுப்பாதீர்கள்.

நன்றி மாமா. இதை உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.


ஏப்ரல் 20

அன்பு மருமகளே,

தாமதத்துக்குக் காரணம் வேலை. கம்பெனி என்னை விடுவதாக இல்லை. ஒவ்வொரு இறக்கையும் ஒரு தெரு நீளம், அதைச் சுமந்துவரும் வண்டிக்கு எண்ண முடியாத சக்கரம். வளைவில் வண்டி மாட்டிக்கொண்டபோது எஞ்சினியர் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். "இடது பக்கம் ஒடி!" என்றேன். ஒடித்தான். ஒரு கடையின் முன்கூரை மட்டும் போயிற்று. மற்றபடி அருமையாகத் திரும்பியது. போனது என் கடையின் கூரைதான். அதனால் என்ன, வெளிச்சம் நன்றாக வருகிறது.

உன் கடிதத்தை அத்தான் கையிலேயே கொடுத்துவிட்டேன். நின்றபடியே படித்தார். ஒரு தடவை படித்தார், திருப்பி ஒரு தடவை படித்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தடைக்கம்பத்துக்குப் போனார். அது ஏற்கெனவே தூக்கித்தான் இருந்தது. அதைக் கீழே இறக்கினார், மறுபடி தூக்கினார். சந்தோஷம் அம்மா. தாங்க முடியாத சந்தோஷம் வந்தால் மனுஷனுக்கு என்ன செய்வதென்று தெரியாது. எனக்கு டீகூடக் கொடுக்கவில்லை, சந்தோஷத்தில் மறந்துவிட்டார். நான் கிளம்பும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணீரை மறைக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

பதில் எழுதுவார். அவர் நிதானமான ஆள். அவசரப்படுத்தாதே.

மாமா


ஜூன் 30

மாமா,

நிதானம் என்றீர்கள். காத்திருந்தேன்.

அப்பாவுக்கு ஒரு மேல்கோட்டு தைத்தேன். கடை மூடின பிறகு என் நேரத்தில் தைத்தது. கழுத்துப்பட்டியை உயர்த்தி, உள்ளே கம்பளி வைத்து, அந்தக் கம்பத்தடியில் நிற்கும்போது முதுகில் காற்று புகாதபடி தோளில் இரட்டைத் துணி கொடுத்துத் தைத்தேன். அவருடைய தோள் அளவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அனுப்பினேன். நேற்றுத் திரும்பி வந்துவிட்டது. கயிறு நான் கட்டினபடியே இருக்கிறது. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

மன்னிப்பு வந்தது என்று சந்தோஷத்தில் கம்பத்தை ஏற்றி இறக்கினவர், கோட்டை ஏன் திருப்பி அனுப்புகிறார்?

அங்கே என்ன நடக்கிறது? இறக்கை வந்தது, கூரை போனது என்றெல்லாம் வேண்டாம். அப்பா என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.


ஆகஸ்ட் 14

மருமகளே,

கோட்டு விஷயம் சின்ன விஷயம். வெயில் காலத்தில் யார் கம்பளிக் கோட்டு போடுவார்கள்? தபால்காரரின் தவறாகவும் இருக்கலாம். அந்த ஆளை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது.

ஆறாம் நம்பர் சுற்றத் தொடங்கிவிட்டது. பார்க்கவேண்டும் நீ. மேட்டில் அப்படி ஒரு கம்பீரம். சத்தம்தான் கொஞ்சம். பெரிய சத்தம் என்று சொல்லமாட்டேன். ஒரு மெத்தையைத் தூரத்தில் யாரோ விடாமல் அடிக்கிற மாதிரி. ஆனால் அந்தச் சத்தம் போய்ப் பாறையில் பட்டுத் திரும்பும்போது, கூவுகிற மாதிரியே இருக்கிறது. பிசிறில்லாமல் அதே குரல். நான்தான் முதலில் கண்டுபிடித்தேன்.

அதனால் அத்தானுக்கு ஒரு சின்னச் சிரமம். பாறை எப்போதும் கூவுகிறது அல்லவா, அவரும் எப்போதும் கம்பத்தை இறக்கிவிடுகிறார். வரிசை என் கடை வரை வந்து நிற்கிறது. எனக்கு வியாபாரம் சக்கைப்போடு, நிற்கிறவன் எல்லாம் சும்மா நிற்கிறோமே என்று டயரைக் காட்டுகிறான். ஆனால் மேலே ஒரே சண்டை. "பெரியவரே, என் சிகரெட் புகையைப் பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி நேரா போகுது. காத்தே இல்லையே!" என்று ஒருத்தன் கத்துகிறான். நீ அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை. அத்தானுக்கும் அதே பதில்தான், "பாறை கூவுது." "பாறை கூவலை, உங்களுக்குத்தான் மண்டைக்குள்ள கூவுது" என்கிறான் இன்னொருத்தன். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன், எல்லாரும் சிரிக்கும்போது ஒருத்தன் மட்டும் சும்மா நின்றால் நன்றாக இருக்காது.

கம்பெனி நல்ல கம்பெனி. காற்றின் வேகத்தை எண்ணில் காட்டுகிற பெட்டி ஒன்றை அவர் அறையிலேயே மாட்டிக் கொடுத்தது. அவர் அதன்மேல் பழைய சட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார். "அத்தான், படிச்ச பெட்டி, அதைக் கேளுங்க" என்றேன். "அது எனக்குச் சொந்தமா, உனக்குச் சொந்தமா?" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சாலைத் துறையில் அவருக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். மரியாதையாகத்தான். மேற்பார்வையாளரே நேரில் வந்து, கை குலுக்கி, போட்டோ எடுத்து. இப்போது கம்பம் தானாகவே ஏறி இறங்குகிறது. அத்தான் வீட்டில் நிம்மதியாக இருக்கிறார். ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டார், சத்தத்துக்கு அது நல்லதுதான்.

வேறு விசேஷம் இல்லை.

மாமா


செப்டம்பர் 3

மாமா,

கை குலுக்கினார்களா?

என் வீட்டுக்காரர் போன வாரம் அந்த வழியாக லோடு ஏற்றி வந்தார். வழக்கமாகச் சுற்றுப்பாதையில்தான் போவார், அந்தக் கம்பத்தைப் பார்க்கப் பிடிக்காது. இந்தத் தடவை நான்தான் அனுப்பினேன். கோட்டைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

நீங்கள் எழுதாமல் விட்டதை உங்கள் ஊர் டிரைவர்கள் அவருக்குச் சொன்னார்கள். அப்பாவை மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் வைத்து வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறார். இனி ஒரு தடவை காற்றில்லாமல் இறக்கினால் வேலை இல்லை என்று சொல்லியிருக்கிறார். அதற்கு மறுநாள் உண்மையாகவே பாறை கூவியிருக்கிறது. அப்பா வாசலிலேயே நின்றிருக்கிறார், காதில் கையைக் குவித்துக்கொண்டு, மேட்டைப் பார்ப்பதும் பாறையைப் பார்ப்பதுமாக. எது எதனுடைய சத்தம் என்று தெரியவில்லை. கீழே ஹாரன். கம்பத்தைத் தூக்கிவிட்டார். மேலே போன முதல் லாரி சாய்ந்தது. டிரைவருக்கு இடுப்பெலும்பு போயிற்று. நீங்கள் இதை "ஓய்வு" என்று எழுதினீர்கள்.

என் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அப்பா திறந்தார், ஆனால் முழுசாகத் திறக்கவில்லை. "யார் வண்டி?" என்று கேட்டாராம். இவர் சொல்லியிருக்கிறார். கோட்டை நீட்டியிருக்கிறார். அப்பா அதைத் தொடவில்லை. அப்பா பேசினதை அப்படியே வந்து சொல்லச் சொன்னேன், இவருக்குக் கதை கட்டத் தெரியாது. இதுதான்:

"உங்க வீட்டம்மா என்னை மன்னிச்சுட்டாங்களாம். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கொடுக்க அவங்க யாரு? காத்து விஷயத்துல நான் பொய் சொன்னேன்னு ஊர்ல இன்னைக்கு எல்லாரும் சொல்றாங்க. தாள்ல எழுதி முதல்ல சொன்னது அவங்கதான். கோட்டைக் கொண்டுபோங்க."

அவங்க. என்னை. நான் பிறந்ததிலிருந்து அவர் என்னை "நீ" என்றுகூடச் சொன்னதில்லை, "ஏய்" என்றுதான் கூப்பிடுவார்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் ஒன்று கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி. அன்றைக்கு நீங்கள் கம்பத்தடியில்தானே நின்றீர்கள், காற்று இருந்ததா இல்லையா? இவர் தலையைச் சொறிந்தார். முந்தின நாள் முழுக்க வண்டி ஓட்டினாராம், வண்டியில் ஏறினதும் தூங்கிவிட்டாராம். கண் விழித்தபோது வண்டி ஊருக்குத் திரும்பிவிட்டதாம். "நீ காத்து இல்லைன்னு சொன்னே, அப்ப இல்லைதான்னு நினைச்சுக்கிட்டேன்" என்கிறார்.

ஆக, நான் பார்த்தது மலைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு மரம். அதில் ஒரு இலை. அதை வைத்து என் அப்பாவைப் பொய்யர் ஆக்கினேன். ஆனாலும் அது என் மனசுக்குள்ளேயே இருந்த வரை அவருக்குத் தெரியாது. எழுத்தில் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்க வைத்தது உங்கள் மார்ச் மாதக் கடிதம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பா அதைச் சொன்னாரா? அழுதார், அணைத்தார், ஒன்றும் வேண்டாம். காற்று இல்லை, மனசு வரலை. சொன்னாரா, சொல்லவில்லையா?


செப்டம்பர் 19

மருமகளே,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. நான் எழுத உட்காராமல் இல்லை. உட்கார்ந்தேன். மூன்று தாள் எழுதினேன். மூன்றும் நன்றாகவே இருந்தன, ஒன்றில் அத்தான் என்னிடம் மன்னிப்புக்கூடக் கேட்டார். கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீ கேட்டதற்கு முன்னால் ஒன்று. சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வலிக்கும். இதெல்லாம் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. எங்கேயும் சொல்லவில்லை. காற்றாலை வரும் என்றுகூட உன் அம்மாவிடம் நான் சொன்னதில்லை. அவள் இல்லை, மறுத்துப் பேச ஆள் இல்லை, அதனால் எழுதினேன். ஆனால் நீ கேட்டது அது இல்லை, தெரியும்.

அன்றைக்குப் போனேன். அது நிஜம். ஸ்கூட்டர் பாதியில் நின்றுவிட்டது, மீதியைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். அத்தான் கம்பத்தின் கீலுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். கட்டிப்பிடிக்கவில்லை. கையெல்லாம் கிரீஸ். "உட்காரு" என்றார். உட்கார்ந்தேன். பேசினேன். மஞ்சத்தொப்பி என்னிடம் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், நாற்காலி எப்படி உடைந்தது, கம்பெனி எனக்குப் பக்கத்திலேயே ஒரு கடை போட்டுத் தரப்போகிறது, இதெல்லாம். அவர் கிரீஸ் வைத்து முடித்தார். துணியில் கை துடைத்தார். நடுவில் ஒரு தடவை தலையைத் தூக்காமலே, "அவ எழுதினாளா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். உன் கடிதம் என் சட்டைப்பையில்தான் இருந்தது. "எழுதாம இருப்பாளா அத்தான், எதுவா இருந்தாலும் எனக்குத்தான் முதல்ல எழுதுவா" என்றேன். அது பெருமையாக இருந்தது எனக்கு. அதிலிருந்து பேச்சு என்னைப் பற்றிப் போய்விட்டது. திருப்பிக் கொண்டுவரத் தெரியவில்லை. இல்லை, தெரியும். அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் கடையில் காத்திருந்த பத்துப் பேர் முகத்தில் எப்படி முழிப்பது என்று இருந்தது. இருட்டுவதற்கு முன்னால் இறங்கிவிடுகிறேன் என்று எழுந்துவிட்டேன். கீழே வந்தால் மஞ்சத்தொப்பி வாசலிலேயே நிற்கிறார். "என்ன ஆச்சு?" என்றார். "நான் போய் நடக்காததா?" என்றேன்.

அதற்குப் பிறகு உனக்கு எழுதவேண்டி வந்தது. சரி என்று மட்டும் எழுதினால் நீ நம்பமாட்டாய். நீ எதைக் கேட்க ஆசைப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும், உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான். அதை எழுதினேன். அவ்வளவு நன்றாக வரும் என்று நானே நினைக்கவில்லை. "மனசு வரலை" என்று எழுதினதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உனக்குக் கல்யாணம் ஆகிப் போனபோது அத்தையிடம் நான் சொன்ன வார்த்தை அது. எங்களுக்குத்தான் பிள்ளை இல்லையே.

நான் போய் அத்தானிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், அவர் காலில் விழுந்தேன் என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. போனேன். அவர் வீட்டு வாசல் வரை போனேன். காற்றாலைச் சத்தத்தில் நான் கதவைத் தட்டியது அவருக்குக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தடவை நான் தட்டவில்லை.

நீ வந்தால் அவர் உனக்குக் கதவைத் திறப்பாரா, தெரியாது. நான் சொன்னால் நம்பமாட்டார். நீ சொன்னால் நம்புவாரா, அதுவும் தெரியாது. என்னால் எதையும் முன்னாலேயே சொல்ல முடியவில்லை. இந்தக் கடிதத்தை வேண்டுமானால் அவரிடம் கொண்டுபோய்க் காட்டு. கீழே என் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உன் அப்பா அதைச் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை.

மாமா